எதிர்த்தவரின் முகமும் ரூபாய்த் தாளில்

மொரீசியஸ் நாட்டின் ரூபாய்த் தாளில் தமிழ் எழுத்தும் தமிழ் எண்ணும் அச்சிடப்பட்டிருக்கின்றன என்ற செய்தி படத்துடன் நம்மிடையே அடிக்கடி பகிரப்படுகிறது. பெருமைப்பட வேண்டிய செய்திதான். ஆனால் அந்தத் தாள்களை வரிசையாக வைத்துப் பார்த்த பிறகு, எழுத்துகளைவிட முகங்களே என் மனத்தில் தங்கிவிட்டன. 25 ரூபாய்த் தாளில் சீன வம்சாவளியினரான ஆ-ஷுவென், 50இல் பிரெஞ்சு வம்சாவளியினரான மொரீஸ் பத்துரோ, 100இல் தமிழரான ரங்கநாதன் சீனிவாசன், 200இல் முஸ்லிம் தலைவர் அப்துல் ரசாக் முகமது, 500இல் சுக்தேவ் பிசுந்தயால், 1,000இல் ஆப்பிரிக்க அடிமைகளின் வழிவந்த கிரியோல் மக்களின் தலைவர் கயெத்தான் டுவால், 2,000இல் நாட்டின் முதல் பிரதமர் சிவசாகர் ராம்கூலாம். இவர்களுள் டுவால், விடுதலையே வேண்டாம் என்று தீவு முழுவதும் பிரசாரம் செய்து, தேர்தலில் தோற்றவர். விடுதலை பெற்ற நாடு அவருடைய படத்தையும் தன் பணத்தில் பொறித்திருக்கிறது. அந்நிலைக்கு அத்தீவு எப்படி வந்தது என்பதை நம்மவர்கள் அறிய வேண்டும் என்ற ஆவலால் இதை எழுதுகிறேன்.

1810இல் பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து தீவைக் கைப்பற்றிய பிரிட்டன், தோட்ட முதலாளிகளின் மொழியிலும் சமயத்திலும் சட்டத்திலும் கைவைக்கவில்லை. 1835 பிப்ரவரி 1 அன்று அடிமை முறை ஒழிக்கப்பட்டபோது இழப்பீடு உடைமையாளர்களுக்குக் கிடைத்தது. அடிமைகளாக இருந்த ஆப்பிரிக்க, மடகாஸ்கர் மக்களுக்கு ஒரு காசும் கிடைக்கவில்லை. அவர்கள் விட்டுச்சென்ற கரும்புக் காடுகளில் வேலை செய்ய, 1834 முதலே ஒப்பந்தக் கூலிகளாக இந்தியர்கள் கொண்டுவரப்பட்டார்கள். தமிழ்க் கைவினைஞர்கள் அதற்கு நூறாண்டுகளுக்கு முன்பே, பிரெஞ்சு ஆட்சியில், புதுச்சேரியிலிருந்து அங்கே சென்றிருந்தார்கள். அடிமைகளின் வழிவந்த கிரியோல் மக்களுக்கும் கூலிகளின் வழிவந்த இந்தியர்களுக்கும் இடையே இருந்த விலகல், இப்படி ஒருவர் இடத்தில் இன்னொருவரை நிறுத்திய முறையிலேயே வேர் கொண்டிருந்தது என்று நான் நினைக்கிறேன்.

அந்த விலகலை முதலில் குறைத்தது தொழிலாளர் இயக்கம்தான். 1936இல் மருத்துவர் மொரீஸ் க்யூரே தொடங்கிய தொழிலாளர் கட்சியின் தொடக்க காலத் தலைவர்களான க்யூரே, இம்மானுவேல் ஆங்கெத்தில், கி ரோஸ்மோன் ஆகிய மூவரும் கிரியோல் சமூகத்தைச் சேர்ந்தவர்கள். அவர்கள் திரட்டிய தோட்டத் தொழிலாளர்களில் பெரும்பாலோர் இந்திய வம்சாவளியினர். 1943 செப்டம்பர் 27 அன்று பெல் வியூ ஹாரெல் தோட்டத்தில் கூலி உயர்வு கேட்டவர்கள்மீது காவல்துறை சுட்டபோது உயிரிழந்தவர்களில் ஒருவர், கருவுற்றிருந்த அஞ்சலை குப்பன். நாட்டின் பெரிய விளையாட்டரங்கு ஒன்று இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. தமிழ்ப் பெயர் என்பதால் மட்டும் நாம் அவரை நினைவுகூர்ந்தால் போதாது. அவர் நின்றது கூலிக்காரர்கள் அனைவருக்குமான வரிசையில்.

அடுத்த பெரிய மாற்றம் 1948இல் வந்தது. தீவில் வழங்கும் எந்த மொழியிலாவது எளிய வாக்கியங்களைப் படிக்கவும் எழுதவும் தெரிந்தவர்களுக்கெல்லாம் வாக்குரிமை என்று விதி தளர்த்தப்பட்டது. பிசுந்தயால் சகோதரர்கள் ஊர் ஊராகச் சென்று, கரும்பு வெட்டித் திரும்பியவர்களுக்கு மாலை நேரத்தில் எழுத்தறிவித்தார்கள். ஏறத்தாழ 12,000ஆக இருந்த வாக்காளர் எண்ணிக்கை 72,000ஆக உயர்ந்தது. 1959இல் வயது வந்த அனைவருக்கும் வாக்குரிமை கிடைத்தது.

அதன் பிறகுதான் அச்சம் எழுந்தது. மக்கள்தொகையில் பாதிக்குச் சற்று மேல் இந்துக்கள். முஸ்லிம்கள் நூற்றுக்குப் பதினாறு, பதினேழு பேர். சீனர்கள் மூன்று பேர் அளவில். எஞ்சிய கிரியோல், பிரெஞ்சு மக்கள் நூற்றுக்கு இருபத்தெட்டு அளவில். பிரிட்டிஷார் போய்விட்டால் தலைக்கணக்கே ஆட்சி செய்யும் என்று மற்றவர்கள் அஞ்சினார்கள். அந்த அச்சத்தை வெறுப்பு என்று ஒதுக்கிவிடாமல், அதற்கு அரசியலமைப்பிலேயே பதில் எழுதினார்கள் என்பதுதான் மொரீசியஸ் வரலாற்றில் என்னை மிகவும் ஈர்க்கும் பகுதி. தம் சமூகத்துக்கு உரிய இடம் உறுதியாக வேண்டும் என்பதில் ரசாக் முகமது பிடிவாதமாக இருந்தார். 1966இல் தேர்தல் முறையை வகுக்க வந்த பான்வெல் ஆணையத்தின் பரிந்துரைகள் எதிர்ப்பால் திருத்தப்பட்டு, ஓர் ஏற்பாடு உருவானது. தொகுதிகளிலிருந்து 62 பேர் தேர்ந்தெடுக்கப்படுவார்கள். தோற்றவர்களில் கூடுதல் வாக்குப் பெற்றவர்களைக் கொண்டு மேலும் 8 இடங்கள் வரை நிரப்பப்படும். அவற்றில் முதல் நான்கு, கட்சி எதுவானாலும், அவையில் குறைவாக இடம்பெற்ற சமூகத்தவருக்கு உரியவை. அடுத்த நான்கு, கட்சிகளுக்கிடையே தேர்தலில் அமைந்த சமநிலை கெடாதபடி வழங்கப்படும். வென்றவர்களின் பெரும்பான்மை குலையாமலே தோற்றவர்களுக்கும் அவையில் நாற்காலி கிடைக்கும்.

அத்தனை செய்தும், 1967 ஆகஸ்ட் 7 அன்று நடந்த தேர்தலில் நூற்றுக்கு ஏறத்தாழ 44 பேர் விடுதலையை எதிர்த்த டுவாலின் கட்சிக்கே வாக்களித்தார்கள். ராம்கூலாமின் கூட்டணி 39 இடங்களும் டுவாலின் கட்சி 23 இடங்களும் பெற்றன. கிரியோல், பிரெஞ்சுக் குடும்பங்கள் பல ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேறின. 1968 ஜனவரியில் தலைநகர் போர்ட் லூயிஸில் கிரியோல் மக்களுக்கும் முஸ்லிம்களுக்கும் இடையே கலவரம் வெடித்து, இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கலந்து வாழ்ந்த தெருக்களிலிருந்து குடும்பங்கள் தம்மவர் பகுதிகளுக்கு இடம்பெயர்ந்தன. சிங்கப்பூரிலிருந்து பிரிட்டிஷ் படை வரவழைக்கப்பட்டது. விடுதலை விழாவுக்கு வரவிருந்த இளவரசி அலெக்ஸாண்ட்ராவின் பயணம் கைவிடப்பட்டது. மார்ச் 12 அன்று ஷான் தெ மார்ஸ் திடலில் கொடியேறியபோது, நாட்டில் நெருக்கடி நிலை நடப்பில் இருந்தது.

மறு ஆண்டே ராம்கூலாம் டுவாலைத் தம் அமைச்சரவையில் சேர்த்துக்கொண்டு, வெளியுறவுத் துறையை ஒப்படைத்தார். வென்றவரின் பெருந்தன்மை என்று இதை முழுமையாகப் புகழ முடியாது. அந்தக் கூட்டணி 1972இல் நடக்க வேண்டிய தேர்தலை 1976 வரை தள்ளிப்போட்டது. ஆனாலும் விடுதலை வேண்டாம் என்றவர்களுக்கு அந்த நாட்டில் இடமுண்டு என்பதை அந்த ஒரு நியமனம் காட்டியது. தோட்டங்களும் முதலாளிகளிடமிருந்து பறிக்கப்படவில்லை. இதனால் நிலம் பழைய கைகளிலேயே தங்கியது என்ற குறை உண்மையே.

இனங்கள் அங்கே உருகி ஒன்றாகிவிடவில்லை. 1998இல் புதிய ரூபாய்த் தாள்களில் தமிழ் எழுத்து வரியை இந்திக்குக் கீழே இறக்கியபோது தமிழர்கள் கொதித்தெழுந்தார்கள். அத்தாள்கள் திரும்பப் பெறப்பட்டு, பழைய வரிசை மீண்டது. தமிழ் வரிக்காக அவ்வளவு உறுதியாக நின்றவர்களில் பெரும்பாலோர் வீட்டில் பேசுவது கிரியோல் மொழி. தைப்பூசக் காவடி, சீனப் புத்தாண்டு, ஈகைத் திருநாள், கிறிஸ்துமஸ் ஆகிய அனைத்தும் அரசு விடுமுறைகள். செப்டம்பரில் சாந்த்-குருவாவிலுள்ள அருட்தந்தை லாவாலின் கல்லறைக்கு, நடந்து வரும் கத்தோலிக்கர்களோடு இந்துக்களும் முஸ்லிம்களும் வந்து நேர்த்திக்கடன் செலுத்துகிறார்கள்.

ஆனால் இந்த நல்லிணக்கத்தின் பங்கு எல்லோருக்கும் சமமாக வந்து சேரவில்லை. 1999 பிப்ரவரியில் கிரியோல் பாடகர் காயா காவல்துறை அறையில் இறந்துகிடந்தார். பல நாள்கள் தீவு எரிந்தது. விடுதலைக்கு முன்பே, 1965இல், 30 லட்சம் பவுண்டு கொடுத்து மொரீசியஸிலிருந்து சாகோஸ் தீவுகளைப் பிரித்துக்கொண்ட பிரிட்டன், அவற்றில் ஒன்றான டியேகோ கார்சியாவில் அமெரிக்கத் தளம் அமைவதற்காக அங்கு வாழ்ந்த மக்களை 1968 முதல் 1973 வரை வெளியேற்றியது. அவர்களில் பலர் போர்ட் லூயிஸின் குடிசைப் பகுதிகளில் வறுமையில் உழன்றார்கள். 2025 மே மாதம் கையெழுத்தான ஒப்பந்தம் இறையாண்மையை மொரீசியஸுக்குத் தர ஒப்புக்கொண்டாலும், டியேகோ கார்சியாவை 99 ஆண்டுக் குத்தகையில் விடவும் வகை செய்கிறது. சொந்த மண்ணை இழந்தவர்களிடம் எவரும் முறையாகக் கருத்துக் கேட்கவில்லை என்ற அவர்களின் வருத்தத்தில் முழு நியாயம் இருக்கிறது.

அந்த எட்டு இடங்களின் கதையும் முடியவில்லை. வேட்பாளர் ஒவ்வொருவரும் இந்து, முஸ்லிம், சீனர், ‘பொது மக்கள்’ (கிரியோல், பிரெஞ்சு வம்சாவளியினர் முதலிய எஞ்சியோர்) என்ற நான்கில் ஒன்றைத் தம் சமூகமாக அறிவிக்க வேண்டும். தமிழர்கள் இந்துப் பிரிவிலேயே அடக்கம். கணக்குக்கு இன்னும் 1972 மக்கள்தொகைக் கணக்கெடுப்பே அடிப்படை. அதற்குப் பிறகு சமூகம் கேட்கப்படவே இல்லை. சமூகத்தை அறிவிக்க மறுத்தவர்களின் வேட்புமனுக்கள் தள்ளுபடியானதை ஐ.நா. மனித உரிமைக் குழு 2012இல் கண்டித்தது. பிறப்பைப் பதிவு செய்தால்தான் போட்டியிடலாம் என்ற அந்த நிபந்தனை நீங்க வேண்டும் என்பதே என் கருத்தும். ஆனால் 2024 நவம்பரில் மொரீசியஸ் தீவின் 60 தொகுதி இடங்களையும் (62இல் மீதி இரண்டு ரொட்ரிக்ஸ் தீவுக்கு உரியவை) ஒரே கூட்டணி வென்றபோது, எதிர்க்கட்சித் தலைவராக அமர்ந்த ஜோ லெஜோங்கார் அவைக்குள் வந்தது இந்த ஏற்பாட்டின் வழியாகத்தான். தோற்றவர்கள் அவைக்குள் நுழைய வேறொரு வாசல் அமையும்வரை, அந்த நாற்காலிகளை அகற்ற நான் சம்மதிக்க மாட்டேன்.