அரைப்பேர் சொன்ன வரலாறு
இலங்கையின் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் எனக்கு வரலாறு கற்பித்த பேராசிரியர் இந்த வாரம் ஓய்வு பெற்றார். கண்டி இராச்சியத்தின் நிலவுடைமையில் ஆய்வைத் தொடங்கியவர், பின்னர் தாம் பிறந்த லயத்தின், அதாவது தோட்டத் தொழிலாளரின் வரிசைக் குடியிருப்பின், பக்கம் திரும்பி, மன்னாரிலிருந்து மாத்தளைக்குக் காட்டுவழியே நடந்து வந்த கோப்பிக் காலத் தொழிலாளரையும், தொழிலாளரின் கடனைத் துண்டுச் சீட்டில் எழுதி, அதை அடைத்தால்தான் வேறு தோட்டத்துக்கு மாறலாம் என்று கட்டிப்போட்டு, 1921இல் ஒழிக்கப்பட்ட துண்டு முறையையும், மலையகத் தமிழரில் பெரும்பாலோரை நாடற்றவராக்கிய 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தையும் முப்பது ஆண்டுகளாக ஆராய்ந்தார்.

முதல் வகுப்பிலேயே, தோட்டத்தில் வேலைநாளையும் கூலியையும் பதியும் செக்ரோல் என்ற பேரேட்டின் ஓரம் சிதைந்த பழைய பக்கமொன்றை மேசையில் விரித்து, ஒரு பெண்ணுக்கு நேரே பதிந்திருந்த அரைப்பேரை, அதாவது அரைநாள் கூலிக் கணக்கை, காட்டி, அன்று அவருக்கு என்ன நடந்திருக்கும் என்று கேட்டார். என் அம்மாவும் தேயிலைக் கொழுந்து பறித்தவர். அரைப்பேர் விழுந்த மாலைகளில் அவர் முகம் எப்படியிருக்கும் என்பதை நான் அறிவேன்.

தோட்ட நிர்வாகிகளான துரைமாரின் அறிக்கைகளை மட்டும் நம்பி எழுதிய கட்டுரைகளை அவர் ஏற்கமாட்டார். முதியோரின் வாய்மொழியையும் கேட்டு வரச் சொல்வார். அப்படிக் கேட்கப் போனபோதுதான் பாட்டியின் பூர்வீகம் தமிழ்நாட்டின் துறையூர் என்பது எனக்குத் தெரிந்தது.