மாமாவுக்குக் கொடுத்த நாலு மாத்திரை

மலேசியாவுல எங்க ஊர் சுங்கை சிப்புட்டில் காலையில் அஞ்சு மணிக்குத் தோசைக்கல் சூடாகும்போதே என் நெஞ்சும் எரிய ஆரம்பிச்சிடும். வெறும் வயித்துல ரெண்டு கிளாஸ் கோப்பி-ஓ, அதான் பால் இல்லாத காப்பி; காலைல பசியாற பத்து மணி ஆகும். தோட்டத்துல பேர் கூப்பிடுற பெரட்டுக்குப் போகும் அவசரத்துல எங்கம்மா அப்படித்தான் குடிப்பாங்க. நான் தோட்டத்தை விட்டுப் பல வருஷம் ஆச்சு, பழக்கம் விடலை. நெஞ்செரிச்சலோ வயிறு உப்புசமோ, எங்க ஊர்ல எல்லாத்துக்கும் ஒரே பேரு: கேஸ்ட்ரிக்.

அரசாங்க கிளினிக்ல ஒரு வெள்ளி (ரிங்கிட்) கட்டி வாங்குன ஒமெப்ரசோல் 20 மில்லிகிராம், வயித்து அமிலத்தைக் குறைக்குற மருந்து, எப்பவும் என் பையில கிடக்கும். எரியுறப்போ, அதுவும் சாப்பிட்ட பிறகு, ஒண்ணைப் போடுவேன். உடனே கேட்காது. மட்டமான மருந்துன்னு திட்டிட்டு இன்னொண்ணைப் போடுவேன்.

போன தீபாவளிக்குப் பக்கத்து வீட்டு மாமாவுக்கு ஆட்டிறைச்சி ஒத்துக்கலை. "கேஸ்ட்ரிக்தான் மாமா"ன்னு நாலு மாத்திரையை எடுத்து நீட்டினேன். அடுத்த முறை மருந்து வாங்கப் போனப்ப இதைப் பெருமையா சொன்னேன். கவுண்டர்ல இருந்த பொண்ணு முகம் மாறிப்போச்சு. "ஆன்ட்டி, அவருக்கு வேற என்ன மருந்து?" மாமாவுக்கு இதய ரத்தக்குழாய்ல ஸ்டென்ட்ங்குற சின்னக் குழாய் வச்சிருக்கு, தினமும் குளோபிடோக்ரெல் போடுறார். ரத்தம் உறையாம பார்த்துக்குற மருந்து அது. கல்லீரல் அதை மாத்திக் கொடுத்தாத்தான் வேலை செய்யும், அந்த மாத்துற வேலையை ஒமெப்ரசோல் குறைச்சிடுமாம். அது மட்டுமில்ல, ஸ்டென்ட் வச்சவருக்கு நெஞ்சு எரிஞ்சா முதல்ல இதயத்தைத்தான் பார்க்கணுமாம். எனக்குக் கை நடுங்கிடுச்சு. அன்னிக்கே மாமாவை அழைச்சிட்டுப் போனோம். இ.சி.ஜி. எடுத்தாங்க, நல்லவேளை ஒண்ணுமில்ல. டாக்டர் அவருக்கு அதே வகையில குளோபிடோக்ரெலோட அவ்வளவா மோதாத பான்டோப்ரசோல் எழுதிக் கொடுத்தார்.

பிறகு என் கதைக்கு வந்தா அந்தப் பொண்ணு. வயித்துல அமிலம் சுரக்குற சின்னச் சின்னப் பம்புகள் இருக்கு, சாப்பாடு வர்றப்பதான் அது ஓட ஆரம்பிக்கும். ஓடுற பம்பைத்தான் இந்த மருந்தால பூட்ட முடியும். அதனால பசியாற அரை மணி நேரத்துக்கு முன்னாடியே உள்ளே போயிருக்கணும். முழுசா கேட்க ஒண்ணுலேருந்து நாலு நாள் ஆகும். உடனடி எரிச்சலுக்கு அமிலத்தைத் தணிக்குற அந்த வெள்ளைத் தண்ணி மருந்து. கேப்சூலை மெல்லக் கூடாது, உள்ளே இருக்குற குருணை மேல அமிலம் தாங்குற பூச்சு இருக்கு.

ரெண்டு வருஷமா போடுறேன்னு கேட்டதும் டாக்டர் ரத்தத்துல வைட்டமின் பி12 பார்க்கச் சொன்னார், ஏன்னா சக்கரைக்கு மெட்ஃபார்மினும் போடுறேன், ரெண்டுமே பி12-ஐக் குறைக்கலாம். மலம் தார் மாதிரி கறுப்பா போகுதான்னும் கேட்டார். நான் முட்டி வலிக்கும் மாத்திரை போடுறேன்னு கேட்டதும் அதை முதல்ல நிறுத்தச் சொல்லிட்டார்.

நான் மகா புத்திசாலி, ஒமெப்ரசோலையும் சேர்த்து நிறுத்தினேன். ஒரு வாரம் முன்னைவிட மோசமா எரிஞ்சுது. ரொம்ப நாள் போட்டுட்டுத் திடீர்னு விட்டா வயிறு அமிலத்தைக் கூடுதலா சுரக்குமாம், படிப்படியாத்தான் குறைக்கணுமாம். இப்ப ஒருநாள் விட்டு ஒருநாள்.

மாமா இன்னும் தோசைக்கு வர்றார். சம்பல் வேண்டாம்கிறார், மாமி கூட நின்னா மட்டும்.