காலண்டர் படமும் காபித்தூள் பாட்டிலும்

பரணில் பதினோரு கண்ணாடி பாட்டில்கள் சேர்ந்துவிட்டன. காபித்தூள், ஊறுகாய், ஜாம் என்று எல்லாம் கலந்து. தூக்கிப் போட அம்மாவுக்கு மனசு வராது, எடுத்துப் புழங்க எனக்கு மனசு வராது. போன செப்டம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நாலைக் கீழே இறக்கினேன். மேலே படம் ஒட்டி வார்னிஷ் அடிக்கும் டெகுபாஜ் வேலையைச் செய்து பார்க்கலாம் என்று.

லேபிளை உரிக்கவே ஒரு காலைப்பொழுது போனது. வெந்நீரில் அரை மணி நேரம் ஊறப்போட்டால் காகிதம் வந்துவிடுகிறது, பசைதான் பிசுபிசுவென்று நிற்கிறது. தேங்காய் எண்ணெயும் ஆப்ப சோடாவும் சம அளவு குழைத்துத் தடவி, கால் மணி நேரம் விட்டு, தேங்காய் நாரால் தேய்த்ததும் சுத்தமாகப் போனது. ஊறுகாய் வாடைக்கு, பழைய செய்தித்தாளைக் கசக்கி உள்ளே திணித்து இரண்டு நாள் மூடி வைத்தேன்.

அங்கேதான் முதல் தப்பு. எண்ணெயைத் தண்ணீரில் கழுவினால் போதும் என்று நினைத்து, வெள்ளை அக்ரிலிக் பெயிண்டைப் பூசிவிட்டேன். மறுநாள் நகம் பட்ட இடமெல்லாம் வெயிலில் வெந்த தோல் மாதிரி உரிந்து வந்தது. எல்லாவற்றையும் சுரண்டி, சோப்புப் போட்டுக் கழுவி, மருந்துக்கடையில் வாங்கிய ஸ்பிரிட்டால் துடைத்து, கண்ணாடியில் விரல் படாமல் பிடித்துக்கொண்டு மறுபடி பூசினேன். பிரஷ்ஷால் இழுத்தால் கோடு கோடாக நின்றது. பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சில் ஒரு துண்டு வெட்டி ஒற்றி ஒற்றி எடுத்தேன், இரண்டு பூச்சில் கண்ணாடி மறைந்தது.

படத்துக்கு எங்கும் அலையவில்லை. வீட்டில் பழைய சிவகாசி காலண்டர்கள் கிடந்தன. சாமி படத்தை வெட்ட அம்மா விடவில்லை, நியாயம்தான். ஓரத்துத் தாமரைக் கொடியையும் மயிலையும் மட்டும் வெட்டிக்கொண்டேன். ஃபெவிகால் இரண்டு பங்கு, தண்ணீர் ஒரு பங்கு. தடவி ஒட்டினால், அழகாக உட்கார்ந்த மயில் ஐந்து நிமிடத்தில் கிழவியாகிவிட்டது! அத்தனை சுருக்கம்.

காரணம் பிறகுதான் புரிந்தது. தடித்த காகிதம் பசை ஈரத்தைக் குடித்து விரிகிறது. ஒட்டிய இடத்திலேயே விரிந்தால் போக்கிடம் இல்லாமல் மடிந்துகொள்கிறது. அடுத்த மயிலை முதலிலேயே தண்ணீரில் ஐந்து நிமிடம் போட்டு, விரிய வேண்டியதை அங்கேயே விரியவிட்டு, துணியில் ஒற்றி எடுத்து ஒட்டினேன். சுருக்கம் ஏறக்குறைய இல்லை. ஆனால் இது அச்சகத்தில் அடித்த படத்துக்குத்தான். வீட்டு இங்க்ஜெட் பிரிண்டரில் எடுத்த ஒரு பூவை இப்படி நனைத்தேன், கிண்ணத்தில் நீலத் தண்ணீர்தான் மிஞ்சியது.

நனைத்தும் சரிவராத இடம் ஒன்று உண்டு, பாட்டிலின் தோள். கழுத்தை நோக்கி வளைந்து குறுகும் அந்த இடத்தில் எந்தத் தட்டையான காகிதமும் படியாது. நான் விரலால் அழுத்தி அழுத்திக் கிழித்துக்கொண்டிருந்ததை அம்மா பார்த்துக்கொண்டே இருந்தாள். முப்பது வருடம் ரவிக்கை தைத்தவள். "வளைவுக்குத் துணியே படியாதுடி, டார்ட் பிடிக்க வேணாமா?" என்றாள். வளைவுக்காகத் துணியை மடித்துத் தைப்பதுதான் டார்ட். அதே மாதிரி ஓரத்தில் சின்னச் சின்ன ஆப்பாக வெட்டி ஒன்றன்மேல் ஒன்று ஏற்றி ஒட்டினேன். படிந்துவிட்டது. அத்தனை வீடியோ பார்த்தும் இது எனக்குத் தோன்றவில்லை.

மூன்றாவது பாட்டிலுக்குப் பூப்போட்ட டிஷ்யூ நாப்கின். மூன்று அடுக்கில் மேலே அச்சுள்ள ஒன்றை மட்டும் பிரித்தெடுக்க வேண்டும். ஈசல் இறகு மாதிரி இருக்கும், வளைவுக்கெல்லாம் சொன்னபடி கேட்கும், காய்ந்தால் கையால் வரைந்தது போலவே இருக்கும். அடியில் வெள்ளைப் பூச்சு இல்லாவிட்டால் நிறமே தெரியாது. ஆனாலும் எனக்குக் காலண்டர் காகிதத்தின் அந்தப் பளிச்தான் பிடித்திருக்கிறது.

இது ஒன்றும் புது வித்தை இல்லை. பதினெட்டாம் நூற்றாண்டில் வெனிஸ் நகரத்தில், அரக்குப் பூச்சு மரச்சாமான் வாங்கக் கட்டுபடியாகாதவர்களுக்காக, அச்சடித்த படங்களை மரத்தில் ஒட்டி மேலே பல பூச்சு வார்னிஷ் கொடுத்திருக்கிறார்கள். 'ஏழை அரக்கு' என்றே அதற்குப் பெயர். இங்கிலாந்தில் மேரி டெலானி என்ற பெண்மணி எழுபதைத் தாண்டிய பிறகு காகிதத்தை வெட்டி ஒட்டிப் பூக்கள் செய்யத் தொடங்கி, தொள்ளாயிரத்துக்கும் மேல் செய்து முடித்தார். அவை பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கின்றன. அந்தக் கணக்கில் எனக்கு இன்னும் நேரம் இருக்கிறது.

அக்டோபர் மழையில் வேலை படுத்துவிட்டது. வெயில் நாளில் இரண்டு மணி நேரத்தில் காய்ந்த வார்னிஷ், மழையில் ஒரு நாள் ஆகியும் கையில் ஒட்டியது. பொறுமையில்லாமல் இரண்டு பாட்டிலை அலமாரியில் நெருக்கி வைத்தேன். பிரித்தபோது ஒன்றின் தாமரை இன்னொன்றோடு போய்விட்டது. வெறும் ஃபெவிகாலையே மேல்பூச்சாக விட்ட பாட்டில், ஈரக்கை பட்டுப் பட்டுப் பால் மாதிரி வெளுத்தது. இப்போது ஹார்டுவேர் கடை வார்னிஷ்தான், மெல்லிசாக மூன்று பூச்சு, ஒவ்வொன்றுக்கும் நடுவே ஒரு நாள். வாய் விளிம்புக்குக் கீழே ஒரு விரல் அகலம் வெறுமனே விடுகிறேன், மூடி திருகும்போது உரியாமல் இருக்க.

நாலில் இரண்டு தேறியிருக்கின்றன. ஒன்றில் மல்லி விதை. மயில் பாட்டிலை அம்மா கொக்கியும் பட்டனும் போட எடுத்துக்கொண்டாள். பரணில் இன்னும் ஏழு இருக்கின்றன, பொங்கல் வெயிலுக்காகக் காத்திருக்கிறேன்.