ஐந்து மாதம் ஓடாத வண்டி

என் பைக்கின் எண் பலகையில், வலது ஓரத்தில், சின்னக் கோடு ஒன்றுக்கு மேலே 04 என்றும் கீழே 10 என்றும் இருக்கிறது. ஏப்ரல் முதல் தேதியிலிருந்து அக்டோபர் கடைசி நாள் வரை மட்டும் சாலையில் ஓடலாம் என்று பொருள். வரியும் காப்பீட்டுக் கட்டணமும் அந்த ஏழு மாதத்துக்குத்தான். மிச்ச ஐந்து மாதம் ஓட்டக் கூடாது என்பதோடு போகவில்லை, தெருவோரம் நிறுத்தி வைக்கவும் கூடாது. ஜெர்மனியில் 1997 முதல் இந்தப் பருவகால எண் பலகை இருக்கிறது. குறைந்தது இரண்டு மாதம், அதிகம் பதினோரு மாதம் என்று காலத்தை நாமே தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம்.

நம் ஊரில் மழையோ வெயிலோ, நிற்காமல் ஓடும் வண்டிகளைப் பார்த்து வளர்ந்தவனுக்கு இது விநோதமாகத்தான் பட்டது. வேலைக்குப் போக, மளிகை வாங்க, பிள்ளையைப் பள்ளியில் விட என்று பைக்தான் அங்கே வீட்டின் கால். இங்கே அது கோடைகாலத்து ஆசை. குளிர்காலத்தில் ஓட்டுகிறவர்களும் இல்லாமலில்லை. சட்டம் கார்களிடம் கேட்கும் குளிர்கால டயரை இரண்டு சக்கர வண்டியிடம் கேட்பதில்லை. ஆனால் நவம்பருக்குப் பிறகு பக்கத்திலுள்ள ஷ்வேபிஷே ஆல்ப் மலைப்பாதைகளில், பனி உறையாமலிருக்க உப்பு தூவ ஆரம்பித்துவிடுவார்கள். அந்த உப்புத் தண்ணீர் செயினிலும் போல்ட்டிலும் அலுமினியத்திலும் ஏறினால் ஒரே குளிர்காலத்தில் வண்டிக்குப் பத்து வயது கூடிவிடும்.

வேடிக்கை என்னவென்றால், உலகின் முதல் பெட்ரோல் பைக் ஓடியதே நான் இருக்கும் இந்த ஸ்டுட்கார்ட்டில், அதுவும் நவம்பர் மாதத்தில்! 1885இல் பொறியாளர்கள் காட்லீப் டைம்லரும் வில்ஹெல்ம் மைபாஹும், இன்று இந்த நகரத்தின் பகுதியாக இருக்கும் கான்ஷ்டாட்டில் கட்டிய மரச்சட்ட வண்டியை, டைம்லரின் மகன் உண்டர்டுர்க்ஹைம் வரை ஓட்டிப் போனான். எஞ்சின் சூடு தாங்காமல் போகிற வழியில் இருக்கை தீப்பற்றிக்கொண்டதாகச் சொல்வார்கள். குளிருக்கு அதுவும் ஒரு வழிதான்.

முதல் இலையுதிர்காலத்தில் என்னை அலைய விட்டது இடம். நான் இருப்பது அடுக்குமாடி வீடு, கராஜ் கிடையாது. ஸ்டுட்கார்ட்டில் வாடகைக்கு வீடு தேடுவதே பெரும்பாடு. கராஜ் தேடுவது அதற்கு அண்ணன். கடைசியில் இரண்டு தெரு தள்ளி, வரிசையாக இரும்புக் கதவுகள் உள்ள ஒரு கராஜ் வளாகத்தில், பாதி இடம் கிடைத்தது. மறுபாதியில் ஒரு பெரியவரின் பழைய இரண்டு சிலிண்டர் வண்டி. தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். கை குலுக்கினார், என் வண்டியைச் சுற்றிவந்து பார்த்தார், “செயின் தளர்ந்திருக்கிறது” என்றார். அறிமுகம் அவ்வளவுதான்.

ஊரில் இருந்த வரைக்கும் எந்த வண்டியின் உள்ளேயும் நான் கை வைத்ததில்லை. தேவையும் இருக்கவில்லை. “அண்ணே, ஏதோ சத்தம் வருது, பாருங்க” என்று சாவியைக் கொடுத்தால் சாயந்திரம் சத்தம் போயிருக்கும். இங்கே பல பட்டறைகளில் ஒரு மணி நேரக் கூலியே கையைக் கடிக்கிறது. கூலி ஒரு பக்கம் தள்ள, டிசம்பரில் நாலரை மணிக்கே கவிகிற இருட்டு இன்னொரு பக்கம் தள்ள, கையில் ஸ்பேனர் வந்து சேர்ந்தது. வேறு எங்கே போவது அந்த நேரத்தில்?

வேலை அக்டோபர் கடைசி வாரத்தில் தொடங்குகிறது. முதலில் நன்றாக ஒரு சுற்று ஓட்டி எஞ்சினைச் சூடாக்கிக்கொண்டு வந்து, உடனே ஆயிலை இறக்க வேண்டும். சூடான ஆயில் தண்ணியாக ஓடும், அதில் மிதக்கிற கசடும் கூடவே வந்துவிடும். வசந்தத்தில் மாற்றிக்கொள்ளலாமே என்று கேட்டேன். பெரியவர் சம்மதிக்கவில்லை. ஓடிய ஆயிலில் எரிபொருள் எரிந்த மிச்சமும் அமிலமும் ஈரமும் கலந்திருக்கும். அதைப் பேரிங்குகளின் மேல் ஐந்து மாதம் ஊற வைப்பானேன் என்பது அவர் கட்சி. இப்போது என் கட்சியும் அதுதான். ஆயிலை இறக்கும் டிரெயின் போல்ட்டுக்குப் புது வாஷர் போட்டு, மேனுவலில் போட்டிருக்கிற அளவுக்கு, முறுக்கை அளந்து இறுக்கும் டார்க் ரெஞ்ச்சால் இறுக்க வேண்டும். அலுமினிய மரை முறுக்குக்கு வளைந்துகொடுக்காது, போய்விடும்.

பழைய ஆயிலை என்ன செய்வது? சாக்கடையிலோ மண்ணிலோ ஊற்றினால் பெரிய குற்றம். ஆனால் புது ஆயில் விற்ற கடை, விற்ற அளவுக்குப் பழைய ஆயிலைக் காசில்லாமல் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும் என்பது சட்டம். ரசீது வேண்டும். ஆயில் ரசீதை வாடகை ஒப்பந்தத்தோடு சேர்த்துப் பத்திரமாக வைக்கிற ஆளாக நான் மாறினது இப்படித்தான்.

டேங்கை வாய் வரை நிரப்பிவிடுவேன். காலி இடம் இருந்தால் அதில் இருக்கிற காற்றின் ஈரம் குளிரில் படிந்து, இரும்பு டேங்க் உள்ளிருந்து துருப்பிடிக்கும். இங்கே ஈ10 என்று விற்கிற பெட்ரோலில் 10 சதவீதம் வரை எத்தனால் உண்டு, அது ஈரத்தை இழுக்கும். அதனால் கடைசி நிரப்பலுக்கு மட்டும் எத்தனால் குறைந்த, விலை கூடிய ரகம்.

பேட்டரியைக் கழற்றி வீட்டின் நிலவறைக்குக் கொண்டுபோய்விடுகிறேன். நிறைந்த ஈய பேட்டரி எந்தக் குளிரையும் தாங்கும். இறங்கிய பேட்டரிக்குள் இருப்பது ஏறக்குறைய தண்ணீர்தான், பூஜ்யத்துக்குக் கொஞ்சம் கீழே போனாலே உறைந்து ஓடு வெடிக்கலாம். மீட்டரை வைத்தால் 12.8 வோல்ட்டை ஒட்டி இருக்க வேண்டும், 12.4க்குக் கீழே போக விடுவதில்லை. லித்தியம் பேட்டரி வைத்திருப்பவர்கள் அதற்கென்று உள்ள சார்ஜரைத்தான் பயன்படுத்த வேண்டும்.

நடுநடுவே ஒரு பத்து நிமிஷம் எஞ்சினை ஓடவிட்டால் நல்லது என்று நினைக்கிறவர்கள் நிறையப் பேர். நல்லெண்ணம்தான், பலன் நேர்மாறு. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் கிட்டத்தட்ட ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக உண்டாகிறது. எஞ்சின் முழுச் சூட்டை எட்டாவிட்டால் அந்த ஆவி சைலன்சருக்குள்ளும் ஆயிலுக்குள்ளும் தண்ணீராகத் தங்கிவிடும். தூங்குகிற வண்டியை எழுப்பாமல் விடுவதே மேல். பிளாஸ்டிக் உறையும் வேண்டாம், உள்ளே வியர்க்கும். பழைய பருத்தி போர்வை போதும். சைலன்சர் வாயில் ஒரு துணியைச் செருகி, சாவியோடு ஒரு சீட்டைக் கட்டிவிட்டால் எலி நுழையாது, வசந்தத்தில் துணியும் மறக்காது.

இவ்வளவும் நவம்பருக்குள் முடிந்துவிடும். அதற்குப் பிறகு வருவதுதான் எனக்குப் பிடித்த காலம். அவசரமே இல்லை. செயினை மண்ணெண்ணெய் தொட்ட துணியால் கண்ணி கண்ணியாகத் துடைப்பேன். கம்பி பிரஷ் போட்டால் கண்ணிகளுக்கிடையே உள்ள ரப்பர் வளையங்கள் கிழியும். சக்கரத்தைக் கையால்தான் சுற்ற வேண்டும். எஞ்சினை ஓடவிட்டுச் செயின் துடைத்து விரல் இழந்தவர்கள் கதை பெரியவரிடம் நிறைய இருக்கிறது, ஒவ்வொன்றையும் செயலோடு நடித்துக் காட்டுவார். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும்: 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்த டயர். பட்டன் நன்றாகத் தெரிந்தாலும் ரப்பர் கிழடாகியிருந்தால் ஈரச் சாலையில் பிடிக்காது.

பிரேக்கில் மட்டும் என் எல்லையை வைத்துக்கொண்டிருக்கிறேன். பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தைக் குடிக்கும். டாட் 4 ரகம் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் ஏறியபின் அந்த வரம்பு 155 டிகிரிதான். மலை இறக்கத்தில் பிரேக் சூடேறி ஆயில் கொதித்தால் லிவர் வெறுமனே கைக்குள் வரும். அதனால்தான் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறார்கள். முதல் தடவை பெரியவர் செய்ய நான் லிவரைப் பிடித்தேன், அடுத்த தடவை நான் செய்ய அவர் பார்த்தார். காணொளி பார்த்துத் தனியாகச் செய்கிறவர்களைத் தடுக்க நான் யார், ஆனால் ஆயில் மாற்றுவதும் பிரேக்கைத் திறப்பதும் ஒரே தட்டில் வைக்கிற வேலை இல்லை.

கராஜ் கதவு திறந்து விளக்கு எரிந்தால் இந்த வளாகத்தில் ஆட்கள் நின்று பார்ப்பார்கள். படிக்கட்டில் வருஷக்கணக்காக வணக்கத்தோடு தாண்டிப் போனவர்கள் இங்கே நின்று, எந்த வருஷத்து வண்டி, எத்தனை கிலோமீட்டர் என்று கேட்கிறார்கள். மொழி வகுப்பில் படித்த ஜெர்மன் விமான நிலையத்திலும் மருத்துவரிடமும் உதவியது; ஸ்ப்ராக்கெட், வாஷர், தளர்வு, இறுக்கம் எல்லாம் இந்தக் கதவடியில் வந்து சேர்ந்தவை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் சுத்தியலும் டிரில்லும் தொடக் கூடாது. அன்றைக்குத் துடைக்கிற வேலை, எண்ணெய் போடுகிற வேலை. இல்லாவிட்டால் மூன்றாவது கதவுக்காரர் வந்து நிற்பார், அவர் கேட்பது கிலோமீட்டர் கணக்காக இருக்காது.

மார்ச் கடைசியில் பேட்டரி மேலே வரும். டயர் காற்று, விளக்குகள், சைலன்சர் துணி. இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை கட்டாயத் தொழில்நுட்பப் பரிசோதனை உண்டு. அதன் தவணை ஓடாத மாதங்களில் வந்தால், பருவத்தின் முதல் மாதத்தில் முடித்தாக வேண்டும். ஆகவே ஏப்ரலில் பரிசோதனை நிலைய வாசலில் ஊரிலுள்ள பைக்குகளெல்லாம் நிற்கும், நான் மார்ச்சிலேயே நேரம் வாங்கிவிடுகிறேன். முதல் சில நாட்கள் வளைவுகளில் மெதுவாகத்தான் போவேன். குளிர்காலத்தில் வழுக்காமலிருக்கத் தூவிய சரளை இன்னும் ஓரங்களில் கிடக்கும், என் கையும் ஐந்து மாதம் சும்மா இருந்த கை. பெரியவர் எனக்கு முன்னால் போகிறார், வளைவுக்கு வளைவு காலை நீட்டிச் சரளை கிடக்கும் இடத்தைக் காட்டிக்கொண்டே.