அவையில் ஒரு வார்த்தை பேசாமல்

2021 பிப்ரவரி 25 அன்று, அரசு ஊழியர்களின் ஓய்வு வயது 59-இலிருந்து 60 ஆகிறது என்று அன்றைய முதலமைச்சர் எடப்பாடி பழனிசாமி பேரவையில் 110-ஆவது விதியின் கீழ் அறிவித்தார். அதைச் சுருக்கெழுத்தில் எடுத்தவர்களில், பேரவைச் செயலகத்தில் எங்களோடு வேலை பார்த்த, நாங்கள் அக்கா என்று அழைக்கும் மூத்தவரும் ஒருவர். வெளியே வந்ததும், "உங்களுக்கே ஒரு வருஷம் கூடியிருக்கே" என்றோம். "அப்படியா? எழுதும்போது கவனிக்கலையே" என்றார். பாசாங்கு இல்லை. பேச்சின் பொருளில் மனம் ஒரு நொடி நின்றால் அடுத்த வாக்கியம் கையை விட்டுப் போய்விடும்.

கூடிய அந்த வருஷமும் முடிந்து, 2022 கடைசியில் ஓய்வு பெற்றார். வேலையில் சேர்ந்தது 1990-இல். "கோட்டையில வேலையா, எந்தத் துறை?" என்று கேட்பவர்களுக்கு விளக்கி விளக்கி நாங்கள் எல்லோரும் அலுத்துப்போனவர்கள். பேரவைச் செயலகம் எந்தத் துறையின் கீழும் வராது. அரசியலமைப்பின் 187-ஆவது பிரிவே சட்டமன்றத்துக்குத் தனிச் செயலகம் வேண்டும் என்கிறது. ஆட்சி மாறும்; இந்த மேசை மாறாது. அக்கா இருந்த காலத்தில் கலைஞர், ஜெயலலிதா, ஓ.பன்னீர்செல்வம், எடப்பாடி பழனிசாமி, மு.க.ஸ்டாலின் என ஐந்து முதல்வர்கள். அக்கா எந்தக் கட்சிக்கு ஓட்டுப் போடுவார் என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது. யூகிக்கப் பார்த்தோம், முடியவில்லை.

பேரவைத் தலைவருக்கு முன்னால் உள்ள மேசையில் சில நிமிடங்களுக்கு ஒருவராக மாறி மாறி உட்காருவோம். எழுந்து போகிறவர் தட்டச்சுக்குப் போவார், வருகிறவர் பேச்சை நடுவிலேயே பிடித்துக்கொள்வார். உறுப்பினர்கள் எங்களுக்காக நிறுத்த மாட்டார்கள். ஒருவர் நெல்லைத் தமிழில் பொரிவார், அடுத்தவர் கொங்குத் தமிழில் இழுப்பார், நடுவில் திருக்குறள் வரும், சினிமாப் பாட்டு வரும். துரைமுருகன் எழுந்தால் (சிரிப்பு) என்று எங்கே போடுவது என்பதே ஒரு தனி வேலை.

இதெல்லாம் பழகினால் வரும். அக்காவிடம் நான் வியந்தது ஊர்ப் பெயர்களை. 'நேரமில்லா நேரம்' என்கிற ஜீரோ அவரில் ஒரு புதிய உறுப்பினர் எழுந்து, தன் தொகுதியில் புதுப்பட்டிக்குப் பாலம் வேண்டும் என்று தடுமாறிக் கேட்பார். தமிழ்நாட்டில் எத்தனை புதுப்பட்டிகள்! எந்த ஒன்றியம் என்று உறுப்பினரிடமே கேட்டு, அக்கா ஒரு சின்ன நோட்டில் எழுதி வைத்திருப்பார். கீழப்பழுவூரா மேலப்பழுவூரா என்று சந்தேகம் வந்தால் உத்தேசமாக எழுதவே மாட்டார். அமைச்சர் செய்து தருவதாக அவையில் சொன்னதை எல்லாம் பொறுக்கியெடுத்துத்தான் அரசு உறுதிமொழிக் குழு பின்னால் துறையைக் கேட்கிறது. குறிப்பில் ஊர் மாறிப்போனால், குழு வேறொரு ஊரின் பாலத்தைப் பற்றிக் கடிதம் எழுதிக்கொண்டிருக்கும். முதல் முறையாகப் பேசுகிறவரின் அந்த இரண்டு நிமிடத்துக்கு அக்கா எடுத்துக்கொண்ட சிரத்தை, முதலமைச்சரின் பதிலுரைக்கு எடுத்துக்கொண்டதற்குக் குறைந்ததில்லை. எனக்கு அந்தப் பொறுமை இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

கொரோனா காலத்தில் 2020 செப்டம்பரில் அவை கலைவாணர் அரங்கத்தில் கூடியது. மூன்று நாள்தான். பெரிய அரங்கம், தள்ளித் தள்ளி இருக்கைகள், எல்லோர் வாயிலும் முகக்கவசம். உதட்டைப் பார்த்தும்தான் இத்தனை நாளும் கேட்டுக்கொண்டிருந்தோம் என்பது அப்போதுதான் எங்களுக்கே உறைத்தது. ஒலிப்பதிவு இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. நாலு பேர் ஒரே நேரத்தில் கத்தும்போது அது நாலு பேரையும் சேர்த்துப் பதிந்து வைத்திருக்கும். யார் எதைச் சொன்னார் என்பதை மேசையில் இருந்தவரிடம்தான் கேட்டாக வேண்டும்.

அப்புறம், நீக்கப்பட்ட சொற்கள். பேரவைத் தலைவர் அவைக் குறிப்பிலிருந்து நீக்கச் சொல்லும்போது அது ஏற்கனவே எங்கள் நோட்டில் ஏறியிருக்கும். முப்பது வருஷத்துக்கும் மேலாக யார் யாரை என்ன சொன்னார் என்பதெல்லாம் அக்கா தலைக்குள் இருக்கிறது. பத்திரிகை நண்பர்கள் தூண்டில் போட்டுப் பார்த்திருக்கிறார்கள். கேன்டீனில் நாங்களும் போட்டிருக்கிறோம். "அதான் நீக்கியாச்சே" என்பார், அவ்வளவுதான்.

பணி நிறைவு விழாவில் பொன்னாடை, சந்தன மாலை, சுவர்க்கடிகாரம் எல்லாம் முறைப்படி நடந்தன. பேசியவர்கள் நேரம் தவறாதவர், தேவையில்லாமல் லீவு எடுக்காதவர், யாரிடமும் அதிர்ந்து பேசாதவர் என்று வரிசையாகச் சொன்னார்கள். பொய்யில்லை. ஆனால் இதை எந்த அலுவலகத்தில் எந்த மேடையிலும் யாரைப் பற்றியும் சொல்லலாம். புதுப்பட்டியைப் பற்றி ஒருவரும் பேசவில்லை என்பதில் எனக்கு வருத்தம்தான். என்னைப் பேச அழைத்திருந்தால் அதை மட்டும் சொல்லிவிட்டு இறங்கியிருப்பேன்.

அக்காவின் ஏற்புரை மிகச் சிறியது. வேலையில் இருந்தவரை அவையில் ஒரு வார்த்தை பேசாதவர், மைக்கைப் பிடித்ததும் படபடவென்று பேசி முடித்தார். பின்வரிசையில் உட்கார்ந்து நாங்கள் இரண்டு பேர் விளையாட்டாக அதைச் சுருக்கெழுத்தில் எடுத்து, மாலையோடு நின்றவரிடம் நீட்டினோம். சிரித்துக்கொண்டே வாங்கியவர், கைப்பையில் இருந்து பென்சிலை எடுத்து இரண்டு இடங்களில் திருத்திக் கொடுத்தார். முதல் திருத்தம் சரி. இரண்டாவது இடத்தில் அவர் பேசியதும் நான் எழுதியதும் ஒன்றுதான், பேசிய பிறகு மாற்றிக்கொள்கிறார் என்றுதான் நான் இன்னும் வாதாடிக்கொண்டிருக்கிறேன்.