பழைய இரும்புக் கரண்டியின் கருந்தோலைச் சுரண்டாதீர்கள்

பழைய இரும்புச் சாமான் சேர்க்கத் தொடங்குகிறவர்கள் பலரும் செய்கிற முதல் தப்பு, வாங்கி வந்த அன்றே கிரைண்டரில் கம்பி பிரஷ்ஷை மாட்டிப் பளபளவென்று தேய்த்துவிடுவது. உலையில் இரும்பு பழுத்து வரும்போது அதன்மேல் கருநீலமாக ஒரு தோல் படியும். சுத்தியல் அடித்த தடம் அந்தத் தோலில்தான் தெளிவாகத் தெரியும். துருவையும் அது ஓரளவு தடுக்கும். போனால் திரும்ப வராது.

இந்தச் சாமான்கள் காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவின் பழம்பொருள் கடைகளில் கிடைக்கும். உள்ளூர்ப் பழைய இரும்புக் கடையில் எடைக்கும் கிடைக்கும். எங்கே வாங்கினாலும் கைவேலையா என்று பார்க்கத் தெரிய வேண்டும். ஒரு தாளிப்புக் கரண்டியை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே கம்பியின் நுனியைத் தட்டையாக்கி, குழியில் வைத்து அடித்துக் கிண்ணமாக்கியிருந்தால் கழுத்து தடித்து, காம்பு நுனிக்குப் போகப் போகச் சன்னமாகும். நுனியைச் சுருட்டிக் கொக்கியாக்கியிருப்பார்கள். கிண்ணத்தின் நடுவில் தகடு மெலிந்தும் விளிம்பில் தடித்தும் இருக்கும்; இரண்டு விரலால் கிள்ளிப் பார்த்தாலே தெரியும். காம்பு தனியாக இருந்தால் ஆணி அடித்து இருபுறமும் மழுக்கியிருக்கும். வெல்டிங் மணியோ, சுற்றிலும் ஒரே கனமோ இருந்தால் அது பழசில்லை, அல்லது பின்னால் ஒட்டுப்போட்டது. வாங்கும் முன் கிண்ணத்தை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடியுங்கள். ஊசித்துளை இருந்தால் சமையலுக்கு ஆகாது.

தேனிரும்பு, அதாவது கொல்லர்கள் முன்பு அடித்துவந்த பழைய இரும்பு வகை, என்றால் இன்னொரு அடையாளமும் உண்டு. அதற்குள் கசடு நார் நாராக ஓடுவதால் துரு அரித்த இடம் மரத்தின் ரேகைபோலத் தெரியும்; முற்றினால் ஏடு ஏடாக உரியும். உரிகிற சாமானை விலை எவ்வளவு குறைந்தாலும் விட்டுவிடுங்கள், அடுப்பில் வைத்தால் இன்னும் பிரியும். கையால் அடித்ததெல்லாம் தேனிரும்பு இல்லை. பின்னாளில் கொல்லர்கள் சாதாரண எஃகுக் கம்பியிலும் இதே வேலையைச் செய்தார்கள், அதுவும் சேர்க்கத் தகுந்ததே. பணியாரக்கல் பெரும்பாலும் வார்ப்பு, அதாவது இரும்பை உருக்கி அச்சில் ஊற்றியது. கீழே விழுந்தால் வளையாது, உடையும்.

கடைக்காரர் இருநூறு வருஷம் என்பார். தேதி பொறிக்காத கரண்டிக்கு அதைச் சொல்ல வழியில்லை, அதனால் வயசுக்குக் காசு கொடுக்காதீர்கள், வேலைப்பாட்டுக்குக் கொடுங்கள். அமிலம் தடவிப் பழசாக்கியதில் துரு எங்கும் ஒரே ஆரஞ்சு நிறமாக, விரலில் பொடியாக ஒட்டும். உண்மையான பழசில் மூலை முடுக்கில் கெட்டியான கரும்பழுப்பு, கை பிடிக்கிற இடத்தில் வழவழப்பு. புழங்கிய தோசைத்திருப்பியில் ஒரு மூலை மட்டும் தேய்ந்திருக்கும்.

சுத்தம் செய்ய, லேசான துருவுக்கு வடித்த கஞ்சியில் ஒரு ராத்திரி ஊறவைத்துத் தேங்காய் நாரால் தேய்த்தால் போதும். வினிகர் வேகமாக வேலை செய்யும், ஆனால் கருந்தோலையும் தின்னும். பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து, அரைமணிக்கு ஒருமுறை எடுத்துப் பாருங்கள். மறந்து ராத்திரி முழுக்க விட்டால் சாம்பல் நிறத்தில் சொரசொரப்பாகிவிடும்.

கனத்த துருவுக்கு மின்சார முறைதான் நல்லது, நல்ல இரும்பை அது தின்னாது. பிளாஸ்டிக் வாளியில் 4 லிட்டர் தண்ணீர், ஒரு மேசைக்கரண்டி வாஷிங் சோடா. 12 வோல்ட் பேட்டரி சார்ஜரின் நெகட்டிவ் கிளிப் கரண்டியில், பாசிட்டிவ் ஒரு வீணான இரும்புத் துண்டில்; இரண்டும் தொடக்கூடாது. கிளிப் மாறினால் கரண்டிதான் கரையும். அந்த வீண் துண்டு எவர்சில்வராக இருக்கவே கூடாது, நச்சுக் குரோமியம் தண்ணீரில் கலக்கும். ஹைட்ரஜன் வாயு வரும் என்பதால் திறந்தவெளியில், நெருப்பு இல்லாத இடத்தில் செய்யுங்கள். தண்ணீருக்குள் கை விடும் முன் சுவிட்சை அணையுங்கள்.

அரிவாள்மனையை எதிலும் ஊறப்போடாதீர்கள். பலகை உப்பி, பிறகு காய்ந்து சுருங்கும்போது அலகு ஆட ஆரம்பிக்கும். புளித் துணியால் அலகை மட்டும் துடைத்து உடனே காயவைக்க வேண்டும். ஏற்கனவே ஆடினால் பசை ஊற்றாமல் மூங்கில் ஆப்பு இறக்குங்கள். பழைய பெயின்ட் பூசிய எதையும் சமையலுக்கு எடுக்காதீர்கள், அதில் ஈயம் இருக்கலாம்.

கழுவியதும் ஈரம் போக அடுப்பில் சூடாக்கி, நல்லெண்ணெயைத் துளி தடவி, தடவியதே இல்லை என்கிற மாதிரி துடைத்துவிட்டு, புகை அடங்கும்வரை காய்ச்சுங்கள். மூன்று நான்கு தடவை. பிசுபிசுத்தால் எண்ணெய் அதிகம் என்று பொருள். புழங்கப் பழகும்வரை அதில் புளியோ தக்காளியோ கொதிக்கவிடாதீர்கள், பூச்சு கரைந்துவிடும். அலமாரியில் வைப்பதற்கு மட்டும் என்றால் எண்ணெய் வேண்டாம், சிக்குவாடை வரும். வெதுவெதுப்பான இரும்பில் தேன்மெழுகைத் தேய்த்துத் துணியால் துடைத்தால் போதும். செய்தித்தாளில் சுற்றி வைக்காதீர்கள், ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். கடலோர ஊர்க்காரர்கள் மழைக்காலம் முடிந்ததும் ஒருமுறை எடுத்து மூட்டுகளைப் பாருங்கள். துரு பெரும்பாலும் ஆணிக்கு அடியில்தான் ஆரம்பிக்கும்.