பாமன்கடைச் சந்தில் ஒரு மண்பட்டறை

சென்ற ஐப்பசியில் ஒரு சனிக்கிழமை காலை, பாமன்கடையில் ஹவ்லொக் வீதியிலிருந்து கால்வாய்ப் பக்கமாக இறங்கும் சந்து ஒன்றில், பழைய வீடொன்றின் கராஜுக்குள் முதன்முறையாக நுழைந்தபோது, என்னை வாருங்கள் என்றுகூட யாரும் அழைக்கவில்லை. உள்ளே ஏழெட்டுப் பேர் குனிந்த தலை நிமிராமல் வேலை செய்துகொண்டிருந்தார்கள். அவர்களுள் மூத்தவரான ஒரு பெண்மணி மட்டும் என் கால்களைப் பார்த்துவிட்டு, "செருப்பைக் கழற்றாதேங்கோ பிள்ளை, கீழே கம்பித் துண்டு கிடக்கும்" என்றார். பெயர் என்ன, எங்கே வேலை என்ற வழமையான விசாரணை எதுவும் இல்லாமல், தேங்காய் அளவு களிமண் உருண்டை ஒன்றை என் கையில் வைத்து, பிசையச் சொல்லிவிட்டுத் தம் வேலைக்குத் திரும்பினார். கொழும்பில் தமிழர் இருவர் சந்தித்தால் மூன்றாவது நிமிடத்துக்குள் "நீங்கள் எந்த இடம்?" என்ற கேள்வி வந்துவிடும் என்பதையும், அந்தக் கேள்விக்குள் வேறு என்னென்ன கேள்விகள் மடிந்து கிடக்கின்றன என்பதையும் அறிந்தவர்களுக்கு, அது எவ்வளவு பெரிய வரவேற்பு என்பது விளங்கும்.

சுற்றறிக்கைகளை மும்மொழிகளிலும் மாற்றி மாற்றி எழுதுவது என் தொழில். விரல்களுக்கு விசைப்பலகையைத் தவிர வேறு எதுவும் தெரியாமற் போய்விட்டதே என்ற சலிப்பில்தான் அங்கே போனேன். பட்டறையின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. இருக்கும் நான்கு சக்கரங்களுக்கு ஏற்கெனவே பலர் முறை வைத்துக் காத்திருக்கிறார்கள், நான் வேறு கூட்டம் சேர்த்துவிட்டால் என் முறையும் பறிபோகும். மூன்று சக்கரங்கள் மின்சாரத்தில் சுழல்பவை. நான்காவது காலால் உதைத்துச் சுழற்றுவது. பின்வளவில் தகரக் கூரையின் கீழ் மின்சூளை நிற்கிறது. தண்ணீர் வைத்துக்கொள்ள ஒவ்வொருவர் பக்கத்திலும் இருப்பவை எருமைத் தயிர் வந்த வெற்றுச் சட்டிகள். ஒரு சட்டி செய்யப் படும் பாட்டை அறிந்த பிறகு, தயிரைத் தின்றுவிட்டுச் சட்டியைக் குப்பையில் எறியும் பழக்கம் எங்களில் எவருக்கும் இல்லாமற் போய்விட்டது.

கற்பிப்பவர்கள் இருவர். என் கையில் மண்ணை வைத்தவர் பாடசாலையில் நெடுங்காலம் சித்திரம் படிப்பித்து ஓய்வு பெற்றவர். எல்லாருக்கும் அவர் ரீச்சர். மற்றவர், கேகாலைக்கு அருகே கண்டி வீதியோரம் மட்பாண்டக் கடைகள் வரிசையாக நிற்கும் மொலகொடப் பக்கத்தில் பிறந்த சிங்களவர். தகப்பனும் பாட்டனும் பானை வனைந்தவர்கள். மரியாதை கருதி நான் அவரை "ஐயா" என்று அழைக்கத் தொடங்கினேன். சிங்களத்தில் அந்த ஒலிக்கு அண்ணன் என்று பொருள். நான் பெரியவர் ஒருவரை விளிப்பதாக நினைத்துக்கொண்டிருக்க, அவர் தமக்குத் தங்கை ஒருத்தி கிடைத்ததாக நினைத்து, இரண்டாம் வாரத்திலிருந்து என்னை "நங்கி" என்றே கூப்பிடுகிறார். திருத்துவதற்கு எனக்கும் மனம் வரவில்லை.

சக்கரத்தில் முதற்பாடம், மண்ணை நடுவுக்குக் கொண்டுவருவது. சுழலும் தட்டின்மீது ஓங்கி அறைந்து வைத்த உருண்டை சரியான மையத்தில் அமராத வரையில் கையை இடமும் வலமும் இடித்துத் தள்ளும். அந்தத் தள்ளாட்டத்தோடு சுவரை எழுப்பினால் ஒரு பக்கம் தடித்து மறுபக்கம் மெலிந்து, இரண்டாவது மூன்றாவது இழுப்பில் வாய் கிழிந்துவிடும். ஐந்து வாரங்கள் நான் தோள்பலத்தால் அதனோடு மல்லுக்கட்டினேன். ஆறாவது வாரம் ரீச்சர் பக்கத்தில் ஒரு முக்காலியைப் போட்டு அமர்ந்து, மண்ணைத் தொடாமல், என் இடது முழங்கையை மட்டும் பிடித்துத் தொடையோடு சேர்த்து அழுத்தினார். "கை அசைஞ்சால் மண் உங்களைச் சுத்தும். கையை ஆணி அடிச்ச மாதிரி வைச்சிருங்கோ, மண் தானாக வந்து அடங்கும்" என்றார். மூச்சு இரண்டு மூன்று விட்டிருப்பேன். இடிப்பு மெல்ல மெல்லக் குறைந்து, உருண்டை சுழல்கிறதா நிற்கிறதா என்று சொல்ல முடியாத அமைதிக்கு வந்தது. மேற்பரப்பில் இருந்த நீர்ப்படலத்தின் மினுக்கம் மட்டுமே அது ஓடிக்கொண்டிருப்பதைக் காட்டியது.

மாணவரின் மண்ணில் ஆசிரியர் கைவைப்பதில்லை என்பது அங்கே எழுதப்படாத சட்டம். அதன் அருமை எனக்குத் தெரியும். சில ஆண்டுகளுக்கு முன் வேறோர் இடத்தில் ஒருநாள் வகுப்புக்குக் காசு கட்டிப் போனேன். அங்கிருந்தவர் என் கைகளை விலக்கிவிட்டு, இரண்டு நிமிடத்தில் தாமே ஒரு கிண்ணத்தை எழுப்பி, அடியில் என் பெயரைக் கீறச் சொன்னார். படம் எடுத்துப் போடுவதற்கு அழகான கிண்ணந்தான். அதில் இன்றைக்கும் நான் சில்லறைக் காசு போட்டு வைக்கிறேனே ஒழிய, ஒருநாளாவது அது என்னுடையது என்று தோன்றியதில்லை.

ஐயாவின் முறை இன்னும் கடுமையானது. முதன்முதலாக நேராக நின்ற குவளை ஒன்றை நான் பெருமையோடு காட்டியபோது, வெட்டிப் பார்க்கலாமா என்று கேட்டார். தலையாட்டிவிட்டேன். மெல்லிய கம்பியால் அதை மேலிருந்து கீழாக இரண்டாகப் பிளந்து, வெட்டுமுகத்தை என் பக்கம் திருப்பி வைத்தார். வாய்ப்பக்கம் பிஸ்கட் தடிப்பு. அடியிலோ கட்டைவிரல் தடிப்பு. மண்ணில் பாதி கீழே படுத்து நித்திரை கொள்கிறது என்றார். அடித்தட்டை விரலால் போதிய அளவு அழுத்தி இறுக்காததால், காய்கிறபோது அது பாம்பு வளைந்தாற்போல வெடித்துவிடும் என்பதையும் அந்த வெட்டிலேயே காட்டினார். அன்று ஐந்து குவளைகள் செய்து ஐந்தையும் வெட்டினோம். வீட்டுக்கு வெறுங்கையோடுதான் போனேன்.

அங்கே பேசப்படும் மொழி எது என்று கேட்டால் சொல்வது கடினம். ஒருநாள் ஐயா உள்ளிருந்து "மெட்டி கோ?" என்று சத்தமிட, புதிதாகச் சேர்ந்திருந்த கொட்டாஞ்சேனைப் பெண் பதறிப்போய்த் தன் கால்விரல்களைப் பார்த்தாள். சிங்களத்தில் களிமண்ணுக்கு அதுதான் பெயர் என்று சொன்ன பிறகும் அவளுக்குச் சிரிப்பு அடங்கப் பத்து நிமிடமாயிற்று. இப்போது அந்தப் பட்டறையில் எல்லாருமே களிமண்ணை மெட்டி என்கிறோம். ஐயா, எங்களைச் சீண்ட வேண்டுமென்றால், "மண்" என்று தமிழில் கேட்கிறார்.

கொழும்பில் இந்த வேலைக்கென்று ஒரு தொல்லை உண்டு: காற்றில் எப்போதும் ஈரம். பாண்டம் தோல் போல இறுகும் பதத்துக்கு வரவே மழை நாட்களில் நான்கைந்து நாட்கள் பிடிக்கும். முழுவதும் காய்வதற்கு இரண்டு வாரங்களும் போகும். வெளித்தோற்றத்தை நம்ப முடியாது. கன்னத்தில் வைத்துப் பார்த்துக் குளிர்ச்சி தட்டினால் உள்ளே இன்னும் நீர் இருக்கிறது என்று பொருள். கார்த்திகை விளக்கீட்டுக்காக நான் செய்த சிட்டி விளக்குகள் கன்னத்தில் குளிர்ந்தன. ஆயினும் நாள் நெருங்கிவிட்ட அவசரத்தில், சூளை அடுக்கும்போது "காய்ந்துவிட்டதா?" என்று ஐயா கேட்டதற்கு ஆம் என்று சொல்லிவிட்டேன்.

மறுநாள் மாலை சூளையைத் திறந்தால், என் விளக்குகளில் இரண்டு இருந்த இடத்தில் சிதறல்கள் மட்டுமே கிடந்தன. அதோடு போயிருந்தால் பரவாயில்லை. மேல்தட்டில் தெஹிவளையிலிருந்து வரும் முஸ்லிம் அக்கா ஒருவர் (அவர்கள் வழக்கில் அக்காவைத் தாத்தா என்பதால் எங்களுக்கும் அவர் தாத்தா) மகளுக்காகச் செய்து வைத்திருந்த கிண்ணத்தின் விளிம்பை ஒரு சில்லு உடைத்திருந்தது. மண்ணுக்குள் காற்றுக்குமிழி இருந்தால் வெடிக்கும் என்று பலர் சொல்வார்கள். குற்றவாளி பெரும்பாலும் காற்றல்ல, நீர் என்று ஐயா விளக்கினார். 100 பாகை செல்சியஸைத் தாண்டியதும் உள்ளே அகப்பட்ட நீர் ஆவியாகி ஆயிரம் மடங்குக்கும் மேலாக விரிகிறது. தடித்த அடியிலிருந்து வெளியேற வழி இல்லாவிட்டால் வழியைத் தானே உண்டாக்கிக்கொள்ளும். 1000 பாகை வரை போக வேண்டிய முதற்சூட்டில் என் விளக்குகள் முதற்படியிலேயே உயிரை விட்டிருக்கின்றன.

நான் பொய் சொன்னதை ஒப்புக்கொண்டபோது யாரும் முகம் சுளிக்கவில்லை. தாத்தா, "மண்தானே தங்கச்சி, விடுங்க" என்றார். ரீச்சர் சில்லுகளை ஒரு பழைய பெயின்ற் தகரத்தில் கூட்டி அள்ளி, ஓர் இரும்பு உலக்கையையும் கையில் தந்து, இடித்துச் சலிக்கச் சொன்னார். சுட்ட மண்ணின் தூளைப் பச்சை மண்ணில் கலந்தால் சுருக்கம் குறையும். ஈரமும் இலகுவாக வெளியேறும். ஒன்றரை மணி நேரம் இடித்தேன். அந்தத் தூள் சேர்ந்த மண்ணில்தான் தாத்தா மறு கிண்ணத்தைச் செய்தார். தண்டனையா பாடமா என்று இன்றுவரை நான் கேட்கவில்லை.

பாத்திரங்களுக்கு மேற்பூச்சு வருவது இரண்டாம் சூட்டில். கிளேஸ் என்று எல்லாரும் சொல்லும் அந்தப் பூச்சு அடிப்படையில் கண்ணாடிதான்: சிலிக்கா கண்ணாடியாகிறது, பெல்ட்ஸ்பார் அதை உருக வைக்கிறது, வெண்களி அது வழிந்தோடாமல் பிடித்துக்கொள்கிறது. 2022இல் டொலர் தட்டுப்பாட்டால் வெளிநாட்டுப் பூச்சுகள் கிடைக்காமற் போய், மின்வெட்டும் நாளுக்கு 13 மணி நேரம் வரை நீண்டபோது, பட்டறை மூடப்பட்டுவிடும் என்றே பழையவர்கள் நினைத்தார்களாம். ஆசிரியர்கள் இருவரும் அந்த மாதங்களில் பொரலஸ்கமுவ வெண்களியையும் மாத்தளைப் பெல்ட்ஸ்பாரையும், சிலிக்கா நிறைந்த நெல் உமிச் சாம்பலையும் விதவிதமான அளவுகளில் கலந்து, சிறு ஓட்டுத் துண்டுகளில் பூசிப் பார்த்திருக்கிறார்கள். சுவரில் தொங்கும் அந்தத் துண்டுகளில் பாதி அழகானவை அல்ல. சில சொறி பிடித்த தோல் போல இருக்கின்றன. கலவை எண் ஒவ்வொன்றின் பின்னாலும் எழுதியிருக்கிறது. கேட்பவர் யாராக இருந்தாலும் கொப்பியைத் தூக்கித் தந்துவிடுவார்கள். மற்றவர்கள் தங்கள் கலவையை அம்மம்மாவின் நகையைப் போலப் பூட்டி வைக்கும் தொழில் இது.

குறையும் உண்டு. எல்லாருக்குமான இடம் என்று வாசற் பலகையில் எழுதியிருந்தாலும், மாதக் கட்டணம் என் சம்பளத்திலேயே உறைக்கிறது; கால்வாய்க் கரையில் குடியிருப்பவர்களின் பிள்ளைகள் கேற்றுக்கு வெளியே நின்று எட்டிப் பார்ப்பதை நான் பல தடவை கண்டிருக்கிறேன். அண்மையில் ரீச்சர் ஞாயிறு காலையில் அவர்களை உள்ளே விடத் தொடங்கியிருக்கிறார். சக்கரம் இல்லை, கைவேலை மட்டும். ஒரு பையன் செய்த ஆமை என் குவளைகளை விட நன்றாக இருக்கிறது.

அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். "காசு குடுத்துச் சேறு பிசையிறதோ? எங்கட ஆக்கள் செய்யிற வேலையே இது?" என்று முதல் மாதமே கேட்டார். அம்மாவின் ஊர் சுன்னாகம், கந்தரோடைக்குப் பக்கம். 1970இல் பென்சில்வேனியாப் பல்கலைக்கழக அருங்காட்சியகத்தினர் அங்கே அகழ்ந்தபோது பழங்காலப் பானையோடுகள் ஏராளமாகக் கிடைத்தன. பிள்ளைப் பருவத்தில் தோட்டம் கொத்தும்போது கிடைத்த ஓடுகளை வைத்துக் கெந்தி விளையாடியதாக அம்மாவே சொல்லியிருக்கிறார். உள்ளே கறுப்பு, வெளியே சிவப்பு. பானையைக் கவிழ்த்து வைத்துச் சுடும்போது காற்றுப் படாத வாய்ப்புறமும் உட்புறமும் கறுத்து, காற்றுப் பட்ட வெளிப்புறத்தில் மண்ணிலுள்ள இரும்பு சிவந்துவிடுகிறது என்று ரீச்சரிடம் கேட்டு வந்து சொன்னேன். அதற்குப் பிறகே அம்மாவுக்கு ஒருமுறை வந்து பார்க்கலாம் என்று தோன்றியது.

வந்தவர் அலுமாரியில் இருந்த பாத்திரங்களைத் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டு, மீன்குழம்பு வைக்க ஒன்றுமில்லையே என்றார். உண்மைதான். நாங்கள் பயன்படுத்தும் மண் 1200 பாகைக்கு மேல் சுடப்பட்டு இறுகிவிடுவதால் நேரடி நெருப்பைத் தாங்காது. சமையற்சட்டிக்கு மணல் கலந்து குறைந்த சூட்டில் சுட்ட, நுண்துளைகள் உள்ள மண் வேண்டும். நான் மொழிபெயர்த்ததும் ஐயா சிரித்து, அடுத்த கிழமை ஊரிலிருந்து ஒரு சாக்கு மண் கொண்டுவந்தார். வாயையும் கழுத்தையும் மட்டும் சக்கரத்தில் எழுப்பி, அடியில்லாமல் அறுத்தெடுத்து, சற்று இறுகியதும் உள்ளே உருண்டைக் கல்லைப் பிடித்துக்கொண்டு வெளியே மரப்பலகையால் தட்டத் தொடங்கினார். டொக், டொக் என்ற அந்தத் தட்டலில் சுவர் மெலிந்து, அடி உருண்டையாக மூடிக்கொண்டே வந்தது.

அம்மா கதிரையை இழுத்து முன்னால் போட்டுக்கொண்டார். "இந்தச் சத்தம் எனக்குத் தெரியும். தைப்பொங்கலுக்கு முதல் அந்த ஒழுங்கையால போனால் விடிய விடியக் கேக்கும். பானை கொண்டு வருவினம். நெல்லு வாங்கிக்கொண்டு படலையோடயே போயிடுவினம். ஒருநாளும் உள்ளுக்கு எடுத்ததில்லை" என்றார். பிறகு பேசவில்லை. என்ன சொல்கிறார் என்று ஐயா என்னைப் பார்த்தார். மொழிபெயர்ப்பே தொழிலாகக் கொண்ட நான் அதை மட்டும் மொழிபெயர்க்கவில்லை. சத்தம் ஊரை ஞாபகப்படுத்துகிறதாம் என்று சொல்லி நிறுத்திக்கொண்டேன். அவர் பலகையை அம்மாவிடம் நீட்டினார். அம்மா சேலைத் தலைப்பை இடுப்பில் செருகி, நான்கு தட்டுத் தட்டினார். நாலாவது தட்டில் பக்கம் ஒடுங்கிவிட்டது. உள்ளே கல்லால் அதை மெல்லத் தள்ளிச் சரிசெய்துவிட்டு ஐயா பலகையை மீண்டும் நீட்ட, அம்மா மறுக்கவில்லை.

சட்டி இப்போது கொடியில் தொங்கும் பொலித்தீனுக்குக் கீழே, மேல் தட்டில் இருக்கிறது. வாய்ப்பக்கம் வெளுத்துவிட்டது, அடி இன்னும் கருமையாகவே தெரிகிறது. அம்மா காலையும் மாலையும் காய்ந்துவிட்டதா என்று கேட்கிறார். நேற்றும் கன்னத்தில் வைத்துப் பார்த்தேன், குளிர்ந்தது. பின்னேர மழை இன்னும் விட்டபாடில்லை.